மூணாவது தறி

ஜன்னலோரம் நீயே ஒக்காந்துக்க கண்ணு. எனக்கு எங்க ஒக்காந்தாலும் ஒண்ணுதான். பைய மட்டும் கால்கிட்ட வெச்சுக்கறேன், இடிச்சாச் சொல்லு. காதுல என்னது, பாட்டா? அத சித்த எடுத்துரு அம்மிணி. நான் மெதுவாப் பேசற ஆளு, அத மாட்டியிருந்தா உனக்குக் கேக்காது.

ஏன் எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க? டிரைவரு கூட கண்ணாடியில பாக்கறாரு. சத்தமாப் பேசறனா? இதுவா சத்தம்? அட, இதெல்லாம் குசுகுசுன்னு பேசறது கண்ணு. நான் சத்தம் போட்டா இந்த பஸ்ஸு தானா ஓரங்கட்டி நின்னுக்கும்.

நீ எது வரைக்கும்? கோபியா? நானும் கோபிக்குத்தான். எங்கண்ணன் வீடு அங்கதான். வெள்ளெனே, விடியறதுக்கு முன்னயே, நாலு சீலையப் பையில திணிச்சுக்கிட்டு, குமாரபாளையத்துல இருந்து பவானி வந்து இந்த பஸ்ஸப் புடிச்சேன். எங்கூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவரு பாத்ரூமுக்குள்ள இருந்தாரு, நான் கெளம்பிட்டேன். எங்கண்ணன் வந்து அவரு மொகத்துக்கு நேரா நின்னு, "ஏனுங்க மாப்ள, என்ற தங்கச்சியப் பாத்து நாலு பேரு முன்னால அப்பிடி ஒரு வார்த்த சொல்லலாமா"ன்னு கேக்கோணும். அவரு, "தப்புத்தானுங்க மச்சான், இல்லாததச் சொல்லிப்போட்டேன்"னு ஒத்துக்கோணும். அது வரைக்கும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். புது வீடு கண்ணு. பெயிண்டு வாசம் கூட இன்னும் போகல.

என்ன சொன்னாருன்னு கேக்கறயா? கேக்கலயா? கேட்ட மாதிரி இருந்துச்சு. சொல்றேன், ஆனா மொதல்ல இருந்து சொல்லோணும். அப்பத்தான் அவரு எத்தன பெரிய வார்த்த சொன்னாருன்னு உனக்குப் புரியும்.

குமாரபாளையம் வந்திருக்கயா நீ? வந்திருந்தீன்னா இந்த பஸ்ஸு சத்தம் உனக்கு ஒரு சத்தமாவே தெரியாது. ஊரு பூரா தறி. கரண்டுத் தறி. நான் கலியாணமாகி வந்த வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் ஒரே செவுரு. நாங்க தல வெச்சுப் படுப்பமே, அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் பன்னெண்டு தறி. பகல்ல நானும் அவரும் ஓட்டுவம், ராத்திரி வேற ஷிப்டுக்காரங்க ஓட்டுவாங்க. டடக் டடக், டடக் டடக், நிக்கவே நிக்காது. செவுத்துக் காலண்டரு ஆடும். சொம்புல தண்ணி வெச்சா தண்ணி ஆடும். வந்த புதுசுல ஒரு நா அவரு என்ற காதுகிட்ட வந்து என்னமோ ஆசையாச் சொன்னாரு. என்ன சொன்னாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தலைய ஆட்டி வெச்சேன். மறுநா ஒரு மொழம் மல்லிப்பூ வாங்கியாந்தாரு, அப்ப நல்லதாத்தான் சொல்லியிருப்பாரு.

தறிக்காரங்க வாயில பேசறதில்ல கண்ணு, கையில பேசுவம். இங்க பாரு. ரெண்டு வெரல ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு இப்பிடித் திருகினா, நூல் அந்துருச்சு, வந்து முடிச்சுப் போடுன்னு அர்த்தம். கட்ட வெரல வாய்ல வெச்சா டீ. மூக்கத் தொட்டாக் கோவம். நெத்தியத் தொட்டா மொதலாளி வர்றாருன்னு அர்த்தம். இத வெச்சே குடும்பம் நடத்தி, சண்ட போட்டு, சமாதானமாகி, ஒரு பையனப் பெத்து இஞ்சினீருக்குப் படிக்க வெச்சுட்டம். எங்க சண்டையெல்லாம் ஒரு சத்தம் இருக்காது. பாக்கறவங்களுக்கு நாங்க கொசு அடிக்கற மாதிரி இருக்கும்.

அந்தச் சத்தத்துல எப்பிடித் தூங்குவீங்கன்னுதான எல்லாரும் கேப்பாங்க? சத்தம் நின்னாத்தான் எங்களுக்குத் தூக்கம் கெடும். நடுராத்திரி கரண்டு போயி தறி நின்னுச்சுன்னா, எங்க லைன்ல அத்தன வீட்டுலயும் டக்குனு முழிச்சுக்குவாங்க. கைக்கொழந்த கூட முழிச்சு அழுகும். மறுக்கா கரண்டு வந்து டடக் டடக்னு ஆரம்பிச்சாத்தான் எல்லாருக்கும் கண்ணு சொக்கும். எங்க பட்டறைக்கு லீவு உட்டா பின்னாலத் தெருப் பட்டறை ஓடும். அதுனால என்னாச்சுன்னா, கலியாணமாகி இத்தன வருசத்துல அவரு தூங்கறப்ப என்ன சத்தம் வருதுன்னு நான் ஒருக்கா கூட கேட்டதில்ல. என்ற சத்தத்த அவரும் கேட்டதில்ல. எங்கிட்டக் கேக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது, அது வேற விசயம்.

எம் பையன் சுதாகரு இருக்கறானே, அவனுக்கு மெட்ராஸ்ல வேல. அவன்தான், "அம்மா, ஒழச்சது போதும், இனி அமைதியா இருங்க"ன்னு சொல்லிச் சொல்லி ஊருக்கு வெளிய ஒரு புது லேஅவுட்டுல வீடு கட்டிக் குடுத்தான். நாங்களும் சேத்து வெச்சதப் போட்டம். அப்பிடி ஒரு அமைதி கண்ணு அங்க! பக்கத்து வீட்டு குக்கரு எத்தன விசிலு அடிச்சுதுன்னு எண்ணலாம். தெருவுல நாய் நடந்தா நெகம் கேக்கும். பக்கத்து வீட்டுக்காரரு பேங்க்ல இருந்து ரிட்டயரு ஆனவரு, சவுந்தரராஜன் சாரு. பால் காச்சுன அன்னிக்கே வந்து சொன்னாரு, "இந்த ஏரியாவுக்கு அழகே அமைதிதாம்மா. அதுக்காகவே தேடிப் புடிச்சு இங்க எடம் வாங்கினேன்"னு. நானும் மரியாதையா, "அப்பிடீங்களா சார், நெம்பச் சந்தோசமுங்க"ன்னேன். அவரு கையில இருந்த காப்பி சட்டையில சிந்திருச்சு. பாவம், வயசாச்சு, கை நடுக்கம்.

பால் காச்சறதுக்கு வந்த ஒரம்பரையெல்லாம் கெளம்பிப் போனதுக்கு அப்பறம் மொத மொதல்ல நாங்க ரெண்டு பேரு மட்டும் அந்த வீட்டுல படுத்தம். எனக்கு எங்க தூக்கம் வருது? அமைதி காதுல போட்டுக் குத்துது. அப்ப ஒரு சத்தம் ஆரம்பிச்சுது பாரு. கொர்ர்ர்ருனு இழுத்து, கடைசியில ஒரு விசிலு. போர் மோட்டரு தண்ணியில்லாம ஓடுதுன்னு நெனச்சேன். எந்திரிச்சுப் போயி சுவிச்சப் பாத்தா, ஆஃபுல இருக்குது. ஃபிரிட்ஜா இருக்குமோன்னு போயி காத வெச்சுப் பாத்தேன். இல்ல. சத்தம் வந்த வழியாவே ஒவ்வொரு ரூமா நடந்து போறேன். எங்க பெட்ரூமுக்கே வந்து நிக்கறேன். கட்டில்ல எங்கூட்டுக்காரரு மல்லாந்து படுத்து வாயத் தொறந்துட்டுக் கெடக்கறாரு. அவருக்குள்ள இருந்துதான் வருது!

நீ சிரிக்கற. எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வரல. ஆளு ஈர்க்குச்சி மாதிரி இருப்பாரு கண்ணு, பேரு சென்னியப்பன், சட்ட போட்டா ஹேங்கர்ல மாட்டுன மாதிரி இருக்கும். அந்த ஒடம்புக்குள்ள இருந்து அத்தன சத்தம் வந்தா நான் என்னன்னு நெனைக்கறது? புது வீடு, கால் வெச்ச அன்னிக்கே உசுரு இழுக்குதுன்னு நெனச்சுட்டேன். "அய்யோ மாமா"ன்னு கத்திக்கிட்டு ஒரு சொம்புத் தண்ணியத் தூக்கி மூஞ்சியில ஊத்திட்டேன். அவரு எந்திரிச்சு, "நூல் அந்துருச்சா, நூல் அந்துருச்சா"ங்கறாரு. நான் கத்துன கத்துல லேஅவுட்டு பூரா லைட்டு எரிஞ்சுது. சவுந்தரராஜன் சாரு மொட்ட மாடியில டார்ச்சு அடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். புதுசா வந்த சீக்குன்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா எல்லாம் பாத்துட்டு, "ஒண்ணும் பயமில்ல, இது கொறட்டைதாம்மா, பல வருசமாவே இருந்திருக்கும், உங்களுக்குத் தெரியாதா?"ன்னுச்சு. எனக்கா தெரியாது? நான் இவரு கூட இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கறேன்! அதுக்கு அந்தம்மா எங்கள ஏற எறங்கப் பாத்து, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருந்தீங்க?"ன்னு கேக்குது. என்ற மானம் போச்சு.

அப்பறம் என்ன, நானே வைத்தியம் பாக்க ஆரம்பிச்சேன். மல்லாந்து படுத்தாத்தான் அதிகமா வருதுன்னாங்க. சரி, மல்லாந்து படுக்க முடியாம பண்ணிப்போடலாம்னு, பட்டறையில இருந்து கொண்டாந்த பழைய நாடா ஒண்ணு கெடந்துச்சு. நாடான்னா உனக்குத் தெரியாதே. தறியில நூலக் கொண்டுக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கும் பாரு, படகு மாதிரி ஒரு கட்ட, ரெண்டு மொனையிலயும் இரும்பு. அத அவரு பனியனுக்குப் பின்னால நடு முதுகுல வெச்சுத் தெச்சு உட்டுட்டேன். மனுசன் திரும்பின ஒடனே "ஆத்தா"ன்னு எந்திரிச்சு ஒக்காந்தாரு. ஒக்காந்த வாக்குலயே தூங்கிட்டாரு. ஒக்காந்த வாக்குலயே கொறட்ட! முன்னைக்கு இப்ப ஒசரத்துல இருந்து வருது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பனியனோட காலையில பால் வாங்கப் போயிட்டாரு. முதுகுல கூம்பு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. பால்காரரு எங்கிட்ட வந்து, "அய்யாவுக்கு எப்ப இருந்துங்க"ன்னு துக்கம் விசாரிக்கறாரு.

அப்பறம் ஒருத்தரு வாஸ்து சரியில்லன்னாரு. கட்டில வடக்க இருந்து தெக்கால திருப்பிப் போட்டம். அவரு தல இப்ப சவுந்தரராஜன் சாரு ஜன்னலப் பாத்து வந்துருச்சு. அந்த ஜன்னல் அன்னிக்குச் சாத்துனது, அப்பறம் அது தொறந்து நான் பாக்கவேயில்ல. அவங்க வீட்டம்மா நல்ல மாதிரி, பேச்சுக் குடுத்தா சிரிக்கும். அதுக்கப்பறம் அதுவும் என்னப் பாத்தா கதவச் சாத்திக்கும்.

நான் எளச்சுப் போனேன் கண்ணு. சோறு எறங்கல. அவரு மட்டும் நல்லாத் தூங்கறாருன்னு நெனைக்காத. அவருக்கும் அந்த அமைதி ஆகல, விட்டு விட்டுத்தான் தூங்குவாரு. அப்பத்தான் எனக்கு ஒரு ரோசன வந்துச்சு. இந்தத் தலைக்குள்ள தானா வந்துச்சு, ஆரும் சொல்லிக் குடுக்கல. பழைய பட்டறைக்குப் போனேன், மத்த தறியெல்லாம் நின்ன டீ நேரத்துல போன வெச்சு தறிச் சத்தத்தப் புடிச்சுட்டு வந்தேன். ஒரே ஒரு தறிகிட்ட வெச்சுத்தான் புடிச்சேன், நல்லா ஞாபகம் வெச்சுக்க, ஒரே ஒரு தறி. சுதாகரு அத என்னமோ பண்ணி, நிக்காம ஓடற மாதிரி செஞ்சு, பிளக்குல சொருகற ஸ்பீக்கரு ஒண்ணு வாங்கி அனுப்பிச்சான். அத கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சு உட்டம் பாரு! டடக் டடக், டடக் டடக். நான் அழுதுட்டேன் கண்ணு, சத்தியமா. அவரு என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. கலியாணமாகி வந்த வீட்டுலயே படுத்திருக்கற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்பறம் ராத்திரியும் தூக்கம், மத்தியானமும் தூக்கம். அவரு கொறட்ட எம் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.

இதோட நிப்பாட்டியிருந்தா நான் இன்னிக்கு இந்த பஸ்ஸுல வந்திருக்க மாட்டேன். என்ற நேரம்.

அந்த பேங்க்காரரு கரண்டு ஆபீசுல போயி எழுதிக் குடுத்துட்டாரு. என்னன்னு? வீட்டுக் கனெக்சன்ல திருட்டுத்தனமா தறி ஓட்டறாங்கன்னு! எத்தன தறின்னு எழுதியிருந்தாரு தெரியுமா? மூணு. மூணு தறி! நாங்க ஸ்பீக்கர்ல வெச்சது ஒண்ணு. சரி, எங்கூட்டுக்காரரு ஒண்ணு, அதயும் கணக்குல சேத்துக்க. மூணாவது எங்கிருந்து வந்துச்சு? இவரெல்லாம் பேங்க்ல ஒக்காந்து என்னத்த எண்ணுனாரு?

நேத்து மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு வெச்சு நல்லாச் சாப்பிட்டுட்டு, ஸ்பீக்கரப் போட்டுட்டுப் படுத்தம். ஆபீசரு, கூட ஒரு லைன்மேனு, பின்னால சவுந்தரராஜன் சாரும் அவரு வீட்டம்மாவும் வந்து பெல் அடிச்சிருக்கறாங்க. எங்களுக்கு எங்க கேக்குது? ஆபீசரு மீட்டரப் பாத்திருக்கறாரு. ஃபேன் ஓடற அளவுக்குத்தான் ஓடுது. காதுல கேட்டா தறி ஓடுது. அப்ப கம்பத்துல இருந்து நேரா கொக்கி போட்டுத் திருடறாங்கன்னு முடிவு பண்ணி, பீஸ்கட்டையப் புடுங்கிட்டாரு. ஸ்பீக்கரு நின்னுச்சு. நின்னா என்னாகும்? நான்தான் சொன்னனே. ரெண்டு பேரும் டக்குனு முழிச்சு எந்திரிச்சு ஒக்காந்தம். கண்ணக் கசக்கிப் பாக்கறதுக்குள்ள கட்டிலச் சுத்தி நாலு பேரு வந்து நிக்கறாங்க! கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு. நாங்க போய்ச் சேந்துட்டம், எழவுக்கு வந்திருக்கறாங்கன்னே நெனச்சேன்.

"தறி எங்கம்மா?"ங்கறாரு ஆபீசரு.

"தறியா? எங்கூட்டுல ஏதுங்க சார் தறி?"

"ஏம்மா, இப்பக் கேட்டுட்டுத்தான வந்தேன்? மூணு தறி ஓடுச்சு!"

வீடு பூரா தேடறாங்க கண்ணு. தறின்னா என்ன தீப்பெட்டியா? பரண் மேல ஏறிப் பாக்கறாங்க. சமையக்கட்டுல அரிசி டிரம்மத் தொறந்து பாக்கறாங்க. லைன்மேனு மண்டி போட்டுக் கட்டிலுக்கடியில பாக்கறாரு, அங்க எம் பழைய செருப்புத்தான் கெடந்துச்சு. கடைசியில எங்கூட்டுக்காரரு பீஸ்கட்டையப் போடச் சொல்லி ஸ்பீக்கர ஓட்டிக் காட்டினாரு. ஆபீசரு குனிஞ்சு அத ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. நல்ல மனுசன். "போங்கய்யா, சத்தத்துக்கெல்லாம் கேஸ் போட முடியாது"ன்னு கெளம்பினாரு. அத்தோட முடிஞ்சுது, நல்லபடியா முடிஞ்சுது, நான் காப்பி போடப் போயிட்டேன்.

அந்த பேங்க்காரரு விட்டாத்தான? "இல்ல சார், இதுல ஒரு தறிதான் கேக்குது, நான் தெனமும் மூணு கேக்கறேன்"ங்கறாரு. ஆபீசரும், "ஆமாங்க, நானும் மூணுதான் கேட்டேன்"ங்கறாரு.

அதுக்கு எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு நின்னு, வேட்டிய நல்லாக் கட்டிக்கிட்டு, அத்தன பேரு முன்னால சொல்றாரு. "கணக்குச் சரிதானுங்க சார். ஒண்ணு ஸ்பீக்கரு. ஒண்ணு நானு. இன்னொண்ணு எம் பொண்டாட்டி."

நான் காப்பித் தட்டோட நிக்கறேன். கேட்டியா கண்ணு? எம் பொண்டாட்டி! நான் கொறட்ட விடறனாமா! ஒரு பொம்பளையப் பாத்து, ஊரான் ஊட்டு ஆம்பளைங்க முன்னால, கரண்டு ஆபீசு ஆளுங்க முன்னால! லைன்மேனு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. சவுந்தரராஜன் சாரு வீட்டம்மா முந்தானைய வாயில திணிச்சுக்குது. நான் அவங்கள்லாம் போன பொறவு, "ஏனுங்க, உங்களுக்கு நாக்கு அழுகிப் போகாதா, நான் எப்ப கொறட்ட விட்டேன்?"னு கேட்டேன். "பாவாயி, நான் பொய் சொல்லல, புது வீட்டுக்கு வந்ததுல இருந்து நானும் கேட்டுட்டுத்தான் இருக்கறேன், உம் மனசு நோகுமேன்னு கம்முனு இருந்தேன்"ங்கறாரு. எப்பிடி இருக்குது பாரு! செஞ்ச குத்தத்துக்குத் தொணைக்கு ஆள் சேக்கறாரு. நான் மூக்கத் தொட்டுக் காட்டிட்டு ஹால்ல போயி ஒக்காந்துட்டேன். ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. நான் தூங்காத இருந்தா அவருகிட்ட என்ன சாட்சி இருக்குதுன்னு, வேணும்னேதான் தூங்கல.

நான் கொறட்ட விட்டா எனக்குத் தெரியாதா? நீயே சொல்லு. என்ற மூக்கு, என்ற காது. ரெண்டுக்கும் நடுவுல நாலு வெரக்கட தூரம் இருக்குமா?

அதென்ன, மோதரம் புதுசா மின்னுது? நிச்சயமாயிருச்சா? எப்ப, தையிலயா? நல்லா இரு கண்ணு. மாப்பிள தூங்கறப்ப ஒருக்கா காதக் குடுத்துக் கேட்டுக்க, அவ்வளவுதான் நான் சொல்றது.

இந்த பஸ்ஸு ஜன்னலு என்னமா அடிக்குது. டடக் டடக், டடக் டடக். சித்த கண்ண மூடிக்கறேன், எரியுது. தூங்க மாட்டேன், கண்ண மூடிட்டே பேசறேன், நீ கேட்டுட்டே வா. எங்கண்ணன் இருக்கறானே, அவன் நெம்பக் கோவக்காரன்... போன ஒடனே சொல்லிருவேன்... மூணுன்னு எழுதிக் குடுத்துட்டாரு கண்ணு... பேங்க்ல இருந்த ஆளு... மூணு...

*

ஆரு! ஆரு அது! வந்துட்டாரா?

ஏன் பஸ்ஸு நின்னுருச்சு? கவுந்தப்பாடியா? டிரைவரு எஞ்சின ஆஃப் பண்ணிட்டாரா, அதான் முழிச்சுக்கிட்டேன். கண்ணு, அவரு இந்த பஸ்ஸுலதான் இருக்கறாரு! எங்கூட்டுக்காரரு! நல்லாக் கேட்டுச்சு கண்ணு, முழிக்கறப்ப அந்தச் சத்தத்தோட வால் மட்டும் கேட்டுச்சு, கொர்ர்ருனு இழுத்து கடைசியில விசிலு. பின்னாலயே பஸ்ஸு ஏறி வந்திருக்கறாரு பாரு! மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கறாரு! வந்த மனுசன் தூங்கிட்டாரு!

ஏனுங்க, கொஞ்சம் தள்ளுங்க. ஏனுங்க மாமா! எங்க ஒக்காந்திருக்கறீங்க? கடைசி சீட்டுலயா? கண்டக்டரு தம்பி, ஈர்க்குச்சி மாதிரி ஒருத்தரு பவானியில ஏறுனாரே, பாத்தீங்களா? இல்லயா? என்ன எல்லாரும் சிரிக்கறீங்க? ஒருத்தரத் தேடுனா சிரிப்பா?

இல்ல கண்ணு. காணம். இரு, போனு போடறேன், மொகம் பாத்துப் பேசறதுல போடறேன். இருந்தா இங்க எங்கயாச்சும் மணி அடிக்குமே.

எடுத்துட்டாரு! ஒரு மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துட்டாரு பாரு! ஏனுங்க, எங்க இருக்கறீங்க? என்ன? கேக்கல! பஸ்ஸுல இருக்கறேன்! கேக்கலீங்க! வீட்டுலயா இருக்கறீங்க? பின்னால நம்ம சமையக்கட்டு தெரியுது கண்ணு, வீட்டுலதான் இருக்கறாரு. தூங்கினீங்களா? தல ஆட்டறாரு, இல்லயாமா. கண்ணப் பாரு, செவந்து கெடக்குது. சாப்பிட்டீங்களா? அதுக்கும் இல்லயாமா.

இரு இரு, கையில என்னமோ காட்டறாரு. ரெண்டு வெரலு. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுத் திருகறாரு. பாரு கண்ணு, பாரு. நூல் அந்துருச்சு, வந்து முடிச்சுப் போடுங்கறாரு.

கெரகம் புடிச்ச மனுசன். வெச்சுட்டேன். அழுகையெல்லாம் இல்ல, தூசி.

அது சரி, அவரு வீட்டுல முழிச்சுட்டு இருக்கறாருன்னா, இங்க கொறட்ட விட்டது ஆரு? எனக்குப் பக்கத்துல, காதுகிட்டயே கேட்டுச்சே.

கண்ணு.

நீயா கண்ணு?

வெக்கப்படாத அம்மிணி. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன், மெதுவாத்தான் பேசறேன். நீ இல்லீங்கறயா? கொறட்ட விடறவங்க அத்தன பேரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. எங்கூட்டுக்காரரும் மொதல்ல அப்பிடித்தான் சொன்னாரு. அவியவிய சத்தம் அவியவியளுக்குக் கேக்காது கண்ணு, நான் பாத்துட்டேன்ல. அட, மொகம் செவந்து போச்சு பாரு புள்ளைக்கு.

ஏனுங்க முன் சீட்டுக்காரரே, என்ன சிரிப்பு? ஒரு வயசுப்புள்ள அசந்து தூங்குச்சு, ரெண்டு சத்தம் வந்துருச்சு, அதுக்கு இந்தச் சிரிப்பா? பொம்பளப்புள்ள கொறட்ட விட்டா என்ன குத்தம்? மூச்சு விடறவங்களுக்குச் சத்தம் வராதா? ஆம்பள விட்டா அசதி, பொம்பள விட்டா அசிங்கமா? கண்டக்டரு தம்பி, உங்களுக்குந்தான் சொல்றேன், வாய மூடுங்க. இந்தப் புள்ளைக்குத் தையில கலியாணம். இதுல அவமானம் ஒண்ணுமில்ல!

அட, நானே சொல்லிட்டனே. அவமானம் ஒண்ணுமில்லன்னு.

அப்ப அவரு சொன்னது வசவு இல்ல, அப்பிடித்தான கண்ணு? பொய்யிதான், சுத்தப் பொய்யி, அதுல மாத்தமில்ல. ஆனா வசவு இல்ல. பொய்யிக்கு எங்கண்ணன எதுக்குக் கூப்புடோணும், நானே போயிக் கேட்டுக்கறேன். மனுசன் பட்டினியா வேற கெடக்கறாரு. தம்பி, விசிலு அடிக்காதீங்க, நான் எறங்கறேன். பவானி பஸ்ஸு எதிருல நிக்குது, அதப் புடிச்சாச் சோத்து நேரத்துக்குப் போயிருவேன்.

நீ ஒண்ணும் வெசனப்படாத. மாப்பிளகிட்ட மொதல்லயே சொல்லிரு, அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. நெனச்சாருன்னா என்ற நம்பருக்குக் கூப்பிடு, நான் வந்து நாலு வார்த்த கேக்கறேன். பத்திரிக்க வெய்யி, நானும் அவரும் கட்டாயம் வர்றம். முந்தின நாளே வந்து மண்டபத்துலயே தங்கிக்கறம். அவருக்கு மட்டும் எங்கயாச்சும் ஒரு மூலையில தனியா ரூம் போட்டுக் குடுத்துரு, பாவம் மத்தவங்க தூங்கோணுமில்ல. எனக்கு ரூமெல்லாம் வேண்டாம். ஹால்ல பொண்ணூட்டுக்காரங்களோட ஒரு ஓரமாப் படுத்துக்கறேன். நான் தூங்கினா பக்கத்துல ஆளு இருக்கறதே தெரியாது கண்ணு.